மூன்றாம் நாளில் தெரிந்த மாற்றம்: ஒரு சத்துப்பொருளின் ஆய்வுக் கதை

மனச்சோர்வுக்கு மருந்து எழுதிக் கொடுக்கும் மருத்துவர், கூடவே ஒரு எச்சரிக்கையும் சொல்லி அனுப்புவார்: "பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்." படுக்கையை விட்டு எழுவதே பெரும்பாடாக இருக்கும் ஒருவருக்கு மூன்று வாரம் என்பது மிக நீண்ட காலம். அந்தக் காத்திருப்பிலேயே நம்பிக்கை இழந்து மருந்தைக் கைவிடுபவர்கள் பலர். விழுங்கிய மாத்திரை சில மணி நேரத்தில் மூளையை எட்டிவிடுகிறது. மனம் தேறுவதற்கு மட்டும் ஏன் வாரக்கணக்கில் ஆகிறது? விரைவாகத் தேற்றக்கூடிய ஒரு பொருள் கிடைக்காதா? மனநல ஆய்வாளர்களை நெடுங்காலமாக அலைக்கழித்துவரும் கேள்வி இது.

2013-ஆம் ஆண்டு அமெரிக்க தேசிய அறிவியல் அகாதெமியின் ஆய்விதழில் வெளிவந்த ஒரு கட்டுரை, இந்தக் கேள்விக்கு யாரும் எதிர்பாராத திசையிலிருந்து ஒரு பதிலைக் காட்டியது. நியூயார்க்கின் ராக்கெஃபெல்லர் பல்கலைக்கழகம், ரோம் நகரின் சப்பியென்சா பல்கலைக்கழகம், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு அது. கட்டுரையின் முதல் ஆசிரியர் கார்லா நாஸ்கா. அவர்கள் சோதித்த பொருள் அசிட்டைல்-எல்-கார்னிட்டின். பல நாடுகளில் மருந்துச்சீட்டு இல்லாமலேயே சத்து மாத்திரையாகக் கிடைப்பது. மனச்சோர்வுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் குளோமிப்ரமின் என்ற மருந்து 14 நாளில் காட்டிய முன்னேற்றத்தை, இந்தச் சத்துப்பொருள் மூன்றே நாளில் காட்டியது. ஆனால் முன்னேற்றம் கண்டவை எலிகளும் சுண்டெலிகளும்.

இத்தகைய செய்தியைப் படித்ததும் இரண்டு விதமான எதிர்வினைகள் எழுகின்றன. சிலர் உடனே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். சிலர் "எலிக்கு என்ன மனச்சோர்வு வரப்போகிறது?" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டுமே அவசர முடிவுகள். இந்த ஆய்வு எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், விலங்குச் சோதனை எதைச் சொல்ல வல்லது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்ற இரண்டும் தெளிவாகும்.

உடலே செய்துகொள்ளும் பொருள்

கார்னிட்டின் நம் உடலுக்குப் புதியதல்ல. 1905-இல் இறைச்சிச் சாற்றிலிருந்து இது பிரித்தெடுக்கப்பட்டது. கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசேர்ப்பது இதன் முதன்மையான வேலை. அங்கேதான் அவை எரிந்து ஆற்றலாகின்றன. இறைச்சியில் கார்னிட்டின் நிறைய உண்டு. பாலிலும் ஓரளவு உண்டு. சைவ உணவுக்காரர்கள் இதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. லைசின், மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைக் கொண்டு நம் கல்லீரலும் சிறுநீரகமும் இதைத் தயாரித்துக்கொள்கின்றன. சிறுநீரில் வெளியேறவிருக்கும் கார்னிட்டினில் பெரும்பகுதியைச் சிறுநீரகம் மீட்டு இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது.

இந்தக் கார்னிட்டினோடு அசிட்டைல் என்ற சிறு வேதித்தொகுதி ஒட்டிக்கொண்டால் கிடைப்பது அசிட்டைல் கார்னிட்டின். மூளைக்குள் எளிதில் நுழையக்கூடிய வடிவம் இது. அங்கே தன் அசிட்டைல் தொகுதியைப் பிற மூலக்கூறுகளுக்கு வழங்கிவிடும். இரண்டு கார்பன் அணுக்களே உள்ள அந்தச் சிறு தொகுதியைச் சுற்றித்தான் ஆய்வின் பெரும்பகுதி சுழல்கிறது.

எலியின் மனநிலையை அளப்பது

மனிதர்களிடம் மனச்சோர்வைக் கண்டறிய மருத்துவர் கேள்வி கேட்கிறார். தூக்கம் எப்படி? எதிலாவது ஆர்வம் இருக்கிறதா? வாழ்வதே வீண் என்று தோன்றுகிறதா? எலியிடம் எதையும் கேட்க முடியாது. பார்க்க மட்டுமே முடியும். ஆகவே மனச்சோர்வின் ஏதேனும் ஓர் அடையாளத்தைத் தேர்ந்துகொண்டு, அதை அளக்கத்தக்க ஒரு செயலாக மாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், விலங்குக்கு மனச்சோர்வு போன்ற நிலை ஏற்பட்டிருக்க வேண்டும். நாஸ்காவின் குழு இரண்டு வழிகளை எடுத்துக்கொண்டது. முதல் வழி மரபுவழி. ஆஸ்திரேலியாவின் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஓவர்ஸ்ட்ரீட் வேறொரு நோக்கத்துக்காக வளர்த்தெடுத்த எலி வம்சம் ஒன்று, பிறவியிலேயே மந்தமும் தூக்கக் கோளாறும் கொண்டதாக அமைந்துவிட்டது. அந்த வம்சத்து எலிகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவது வழி சூழல்வழி. இயல்பான சுண்டெலிகளுக்குப் பல வாரங்கள் தொடர்ச்சியாகச் சிறுசிறு தொல்லைகளைக் கொடுப்பது. இந்த வகைச் சோதனைகளில் ஒருநாள் கூண்டைச் சாய்த்து வைப்பார்கள். இன்னொருநாள் படுக்கைத் தூளை ஈரமாக்குவார்கள். ஓரிரவு முழுவதும் விளக்கை எரியவிடுவார்கள். அடுத்து என்ன வரும், எப்போது வரும் என்று விலங்கால் கணிக்க முடியாதபடி வரிசையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். தனித்தனியே பார்த்தால் எந்தத் தொல்லையும் பெரிதில்லை. கணிக்க முடியாமையும் ஓயாமையும் சேரும்போது விலங்கு ஒடுங்கிவிடுகிறது. மனிதரை வாட்டும் அன்றாட நெருக்கடிகளுக்கும் இந்த இரண்டு குணங்கள் உண்டு.

அடுத்தது அளவீடு. 1977-இல் பிரான்சில் பணியாற்றிய ரோஜர் போர்சோல்ட் வகுத்த நீச்சல் சோதனை இத்துறையில் மிகப் பரவலானது. 40 செ.மீ. உயரமுள்ள கண்ணாடி உருளையில் 25 டிகிரி வெப்பமுள்ள நீரை நிரப்பி எலியை உள்ளே விடுவார்கள். முதலில் அது சுவரைப் பிறாண்டும், சுற்றிச்சுற்றி நீந்தும், வெளியேற வழி தேடும். வழியில்லை என்று தெரிந்ததும் தலையை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு அசையாமல் மிதக்கும். அந்த அசைவற்ற நேரத்தைக் கடிகாரம் வைத்துக் கணக்கிடுவார்கள். மனிதர்களின் மனச்சோர்வைத் தணிக்கும் மருந்துகள் எலியின் இந்த அசைவற்ற நேரத்தையும் குறைத்தன. அதனால் புதிய மருந்துகளைச் சலித்தெடுக்க மருந்து நிறுவனங்கள் இந்தச் சோதனையைப் பெருமளவில் கையாண்டன.

இரண்டாவது, சர்க்கரைநீர்ச் சோதனை. கூண்டில் இரண்டு புட்டிகள் தொங்கும். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றதில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் சர்க்கரை கரைத்த தண்ணீர். எலி பழக்கத்தால் ஒரே பக்கத்துப் புட்டியை நாடிவிடக் கூடாது என்பதற்காக இடையில் புட்டிகளின் இடத்தை மாற்றிவைப்பார்கள். கடைசியில் இரண்டு புட்டிகளையும் எடைபோட்டு எதில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். நலமான எலி இனிப்பைத்தான் மிகுதியாகக் குடிக்கும். பல வாரத் தொல்லைக்கு ஆளான எலியிடம் அந்த ஈடுபாடு குறைந்துபோகும். பிடித்த பாட்டு, பிடித்த சாப்பாடு, பேரப்பிள்ளையின் சிரிப்பு எதுவும் மனத்தைத் தொடவில்லை என்று நோயாளிகள் சொல்கிறார்களே, அந்த இன்பமின்மைக்கு விலங்கிடம் காணக்கூடிய நெருக்கமான அடையாளம் இதுதான்.

எழும் ஐயங்களும் அவற்றுக்கான விடைகளும்

நீச்சல் சோதனையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஒரு பெரிய ஓட்டை இருக்கும். அசையாமல் மிதக்கும் எலி நம்பிக்கை இழந்துவிட்டது என்று எப்படிச் சொல்வது? வழியில்லை என்று கற்றுக்கொண்டு சக்தியைச் சேமிக்கிறது என்றும் சொல்லலாமே? அப்படியானால் அது சோர்வைக் காட்டாது, அறிவைக் காட்டும். இன்னொரு ஐயமும் உண்டு. கார்னிட்டின் ஆற்றலுக்கான பொருள். அதைக் கொடுத்ததும் எலி கூடுதலாக நீந்தினால், தேறியது மனமா, தசையா? உடலைச் சுறுசுறுப்பாக்கும் எந்தப் பொருளும் நீச்சல் நேரத்தைக் கூட்டிவிடும்.

இந்த ஆய்வின் வலிமை, ஒரே அளவீட்டை நம்பி நிற்காததில் இருக்கிறது. நீச்சலோடு சர்க்கரைநீர் விருப்பமும் மூன்றே நாளில் மீண்டது. இனிப்புப் புட்டியைத் தேர்ந்தெடுக்கத் தசைவலிமை தேவையில்லை. கொடுப்பதை நிறுத்தி இரண்டு வாரம் ஆன பின்பும் பலன் நீடித்தது. பொருள் உடலில் இருக்கும் வரை மட்டும் கிளர்ச்சியூட்டும் ஒன்று இப்படி நடந்துகொள்ளாது. ஆகவே மூளையில் ஏதோ ஒரு மாற்றம் நிலைபெற்றிருக்க வேண்டும்.

ஒப்பிட்ட மருந்தின் காலக்கணக்கும் கவனிக்கத்தக்கது. இயல்பான எலிகளிடம் நீச்சல் சோதனை நடத்தினால் மனச்சோர்வு மருந்துகள் ஒரே நாளில் பலன் காட்டிவிடும். மனிதரிடம் அப்படி நடப்பதில்லை. அந்தச் சோதனையின் மிகப் பெரிய குறை இது. நாஸ்காவின் ஆய்விலோ குளோமிப்ரமினுக்கு 14 நாள் தேவைப்பட்டது. மனிதரிடம் காணும் தாமதத்தையே விலங்கும் காட்டியதால், மூன்று நாள் என்ற விரைவுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது.

மரபணுவை இயக்கும் சிறு தொகுதி

நிலைபெற்ற மாற்றம் எது? இதற்கு விடை தேட, ராக்கெஃபெல்லரில் ஆய்வகம் நடத்திய புரூஸ் மெக்கூவனின் பணியிலிருந்து தொடங்க வேண்டும். நெருக்கடியின்போது சுரக்கும் ஹார்மோன் மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில் போய்ப் பிணைகிறது என்று 1968-இல் காட்டியவர் அவர். நினைவுக்கும் மனநிலைக்கும் முக்கியமான பகுதி அது. நெருக்கடி நீடித்தால் அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகள் குறுகுகின்றன என்றும், நெருக்கடி விலகினால் அவை மீண்டும் வளர்கின்றன என்றும் அவரும் மாணவர்களும் பின்னர் கண்டறிந்தார்கள். கிளைகள் குறுகுவதில் குளூட்டமேட் என்ற நரம்புச் செய்திப்பொருளுக்குப் பங்கு உண்டு. அளவோடு இருந்தால் கற்றலுக்கு உதவும். அளவுமீறினால் நரம்பணுவை வாட்டும்.

குளூட்டமேட்டைக் கட்டுக்குள் வைக்க மூளை ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. செய்தி அனுப்பும் நரம்பணுவின் நுனியில் எம்-குளு-2 என்ற ஏற்பி இருக்கிறது. வெளியே குளூட்டமேட் மிகும்போது அதை உணர்ந்து, மேற்கொண்டு சுரப்பதைக் குறைக்கச் செய்வது இதன் வேலை. மனச்சோர்வு நிலையிலிருந்த விலங்குகளிடம் இந்த ஏற்பி குறைந்திருந்தது. அசிட்டைல் கார்னிட்டின் கொடுத்ததும் ஹிப்போகேம்பஸிலும் முன்மூளைப் புறணியிலும் அது பெருகியது.

பெருகிய விதம்தான் சுவையானது. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல், நூல்கண்டில் நூலைப்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. இறுகச் சுற்றியிருக்கும் இடத்திலுள்ள மரபணு வேலை செய்யாது. ஹிஸ்டோனில் அசிட்டைல் தொகுதி ஒட்டினால் சுற்று தளர்ந்து மரபணு இயங்கத் தொடங்கும். இந்த உண்மையை 1964-இல் முன்வைத்த வின்சென்ட் ஆல்ஃப்ரீயும் ராக்கெஃபெல்லரைச் சேர்ந்தவர்தான். எம்-குளு-2 ஏற்பியின் மரபணுவை ஒட்டி, ஹெச்-3 என்ற ஹிஸ்டோனின் 27-ஆவது இடத்திலுள்ள லைசினில் அசிட்டைல் கூடியிருப்பதை நாஸ்காவின் குழு கண்டது. சத்துப்பொருள் மரபணுவின் எழுத்து எதையும் மாற்றவில்லை. அடங்கிக் கிடந்த மரபணுவை இயங்கவைத்தது, அவ்வளவே.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் செய்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமானது. எம்-குளு-2 மரபணுவே நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கும் அதே தொல்லைகளைக் கொடுத்து, அதே அசிட்டைல் கார்னிட்டினையும் கொடுத்தார்கள். பலனில்லை. கொழுப்பை எரித்து ஆற்றல் பெறும் வழி அந்தச் சுண்டெலிகளிடமும் இருக்கத்தான் செய்தது. ஆற்றல் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் அவையும் தேறியிருக்க வேண்டும். தசையா, மனமா என்ற ஐயத்துக்கு இதைவிட நேரடியான விடை கிடைப்பது கடினம்.

இந்த விளக்கத்துக்கு இடையூறான ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். எம்-குளு-2 ஏற்பியையும் அதன் இணையான எம்-குளு-3 ஏற்பியையும் தடுக்கும் வேதிப்பொருள்களும் நீச்சல் சோதனையில் நல்ல பலன் காட்டியதாக 2004-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். ஏற்பியைப் பெருக்கினாலும் எலி தேறுகிறது, தடுத்தாலும் தேறுகிறது! அப்படித் தடுக்கும் மருந்து ஒன்றை ரோஷ் நிறுவனம் பிற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு நோயாளிகளிடம் சோதித்தபோது, போலி மாத்திரையைவிட மேலான பலன் எதுவும் கிடைக்கவில்லை. எலியிடம் வெற்றி பெறுவது எவ்வளவு எளிது, மனிதரிடம் எவ்வளவு அரிது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

எலியிலிருந்து மனிதருக்கு

மனிதர்களைப் பற்றிய முக்கியமான துப்பு ஒன்று 2018-இல் கிடைத்தது. நாஸ்கா, மெக்கூவன், ஸ்டான்ஃபோர்டின் நடாலி ராஸ்கன் ஆகியோர் அடங்கிய குழு, மனச்சோர்வுள்ள 71 பேரின் இரத்தத்தையும் நலமான 45 பேரின் இரத்தத்தையும் ஒப்பிட்டது. மனச்சோர்வுள்ளவர்களிடம் அசிட்டைல் கார்னிட்டின் குறைவாக இருந்தது. நோய் கடுமையாக இருந்தவர்களிடமும் இளவயதிலேயே தொடங்கியவர்களிடமும் அது மேலும் குறைவு. மருந்துக்குக் கட்டுப்படாத நோயோடு, குழந்தைப் பருவத்தில் புறக்கணிப்பையோ கொடுமையையோ அனுபவித்தவர்களிடம் குறைவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. எலி தந்த குறிப்பு மனித இரத்தத்திலும் தடம் காட்டியது என்பது சாதாரண விஷயமில்லை.

ஆனாலும் குறைவு காரணமா, விளைவா என்பதை இரத்தப் பரிசோதனை சொல்லாது. மனச்சோர்வால் சாப்பாடும் உறக்கமும் நடமாட்டமும் மாறுகின்றன. அதனாலேயே இரத்தத்தில் ஒரு பொருள் குறையலாம். காரணமா என்று அறியக் கொடுத்துப் பார்ப்பதே வழி.

கொடுத்துப் பார்த்த சோதனைகளும் உண்டு. அதே 2018-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 791 பேர் பங்கேற்ற 12 மருத்துவச் சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்தது. போலி மாத்திரை எடுத்தவர்களையும் எதுவும் எடுக்காதவர்களையும்விட அசிட்டைல் கார்னிட்டின் எடுத்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்திருந்தன. வழக்கமான மருந்துகளோடு ஒப்பிட்ட மூன்று சோதனைகளில் பலன் ஏறத்தாழச் சமம், பக்கவிளைவுகள் குறைவு. முதியவர்களிடம் பலன் தெளிவாகவும் இளையவர்களிடம் மங்கலாகவும் இருந்தது.

நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 12 சோதனைகளுக்கும் சேர்த்து 791 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. சிறிய சோதனைகளில் நல்ல முடிவு தந்தவை அச்சேறுவதும், தராதவை அலமாரியில் தங்குவதும் மருத்துவ ஆய்வில் நெடுநாள் சிக்கல். பெரிய சோதனை நடந்தபோது நம்பிக்கை கரைந்த சத்துப்பொருள்களும் உண்டு. ஒமேகா-3, வைட்டமின் டி, ஃபோலிக் அமிலம், செலினியம் முதலியவற்றை மனச்சோர்வு அபாயமுள்ள, உடல் எடை கூடிய 1,025 பேரிடம் நான்கு ஐரோப்பிய நாடுகளில் ஓராண்டு சோதித்தார்கள். மனச்சோர்வை அவை தடுக்கவில்லை என்பது 2019-இல் வெளியான முடிவு.

விலங்குச் சோதனையின் இன்னொரு குறையும் மனிதருக்கு வரும்போது உறைக்கும். 2009-இல் வெளியான ஆய்வுகளை அலசிய இரு அறிஞர்கள், ஒரே பாலின விலங்குகளை வைத்துச் செய்த நரம்பியல் ஆய்வுகளில் பெண் விலங்குக்கு ஒன்று என்றால் ஆண் விலங்குக்கு ஐந்தரை என்ற விகிதம் இருப்பதைக் கண்டார்கள். மனச்சோர்வோ ஆண்களைவிடப் பெண்களை ஏறக்குறைய இரண்டு மடங்கு தாக்குகிறது. நோய் மிகுதியாக உள்ள பாலினத்தை விட்டுவிட்டு மருந்து தேடிக்கொண்டிருந்தால் விடை எப்படிச் சரியாக வரும்?

கடையில் இருக்கும் புட்டி

இயற்கையாக உடலில் உள்ள பொருள்தானே, எடுத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றலாம். நாஸ்காவின் கட்டுரை வெளிவந்த அதே 2013-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனையைச் சேர்ந்த ஸ்டான்லி ஹேஸனின் குழு வேறொரு செய்தியைச் சொன்னது. உணவிலிருந்து வரும் கார்னிட்டினைக் குடல் நுண்ணுயிரிகள் மாற்றியமைக்கின்றன. அதிலிருந்து கல்லீரலில் உருவாகும் ஒரு பொருள் இரத்தக்குழாய் அடைப்போடு தொடர்புடையது என்பது அந்தச் செய்தி. அசிட்டைல் கார்னிட்டின் சிலருக்குக் குமட்டலையும் அமைதியின்மையையும் தரும். வலிப்பு நோயுள்ளவர்களும் இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சட்டமும் இங்கே கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சத்து மாத்திரை விற்பவர் விற்பனைக்கு முன் அதன் பலனை அரசிடம் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இத்தகைய புட்டிகளின் மேல் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஆங்கில வாசகம் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். சிறிய எழுத்தில் இருந்தாலும் அந்த வாசகத்தைத் தேடிப் படியுங்கள்.

விலங்குக்கு நாம் பட்ட கடன்

நீரில் விடப்பட்ட எலியின் துன்பம் உண்மையானது. அதை மறைத்துவிட்டு இந்த ஆய்வுகளைப் பாராட்டுவது சரியாகாது. மாற்று வழி இருந்தால் விலங்கைத் தவிர், எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி என்று 1959-இலேயே ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிஞர்கள் வரையறுத்தார்கள். நீச்சல் சோதனையை ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது. சர்க்கரைநீர்ச் சோதனை போன்ற மென்மையான அளவீடுகள் பெருகுவதும், மனித இரத்தத்திலேயே நோயின் தடங்களைத் தேடுவதும் வரவேற்க வேண்டிய திருப்பங்கள். துன்பப்பட்ட உயிரிடமிருந்து கிடைத்த முடிவை உள்ளது உள்ளபடி படிப்பது நாம் செய்யக்கூடிய குறைந்தபட்ச நேர்மை. மிகைப்படுத்தினால் நோயாளிகளையும் ஏமாற்றுகிறோம், அந்த விலங்கின் துன்பத்தையும் வீணாக்குகிறோம்.

உள்ளபடி படித்தால் கிடைப்பது இவ்வளவு: மனச்சோர்வில் குளூட்டமேட்டுக்கும் மரபணு இயக்கத்துக்கும் பங்கு உண்டு; வாரக்கணக்கில் காத்திருப்பது தவிர்க்க முடியாத விதியல்ல; அசிட்டைல் கார்னிட்டின் பெரிய, கட்டுப்பாடான மருத்துவச் சோதனைக்குத் தகுதி பெற்ற ஒரு பொருள். நாமாக வாங்கி விழுங்கத் தகுதி பெற்ற மருந்தாக அது இன்னும் ஆகவில்லை.

ஆகவே மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு செய்தியைப் படித்துவிட்டு அதை நிறுத்த வேண்டாம். சத்து மாத்திரை எதையாவது எடுக்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கோ வீட்டில் ஒருவருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஈடுபாடின்றி, உறக்கமும் பசியும் மாறிக் கிடந்தால், அதைச் சோம்பல் என்று ஒதுக்காதீர்கள். இந்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.